பாலிசி ரவுட்டிங் போட்டதும் கனெக்டட் ரூட் கூட வேலை செய்யவில்லை. எது முதலில் பார்க்கப்படுகிறது?

விலான்_20 கேட்டது:

ஒரு சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர், அதில் இரண்டு இணைய இணைப்புகள். முதல் இணைப்பின் கேட்வே 203.0.113.1, டிஃபால்ட் ரூட் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. இரண்டாவதன் கேட்வே 198.51.100.1. (முகவரிகளை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) உள்ளே மூன்று விலான்கள் (தனித்தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்குகள்): ஊழியர்களுக்கு 192.168.10.0/24, வெளியாட்களுக்கு 192.168.20.0/24, சர்வர்களுக்கு 10.10.30.0/24. இது போக, தலைமை அலுவலகத்தின் 10-இல் தொடங்கும் மற்ற நெட்வொர்க்குகள் ஒரு டனல் வழியாக ஓஎஸ்பிஎஃப்-இல் (ரவுட்டர்கள் தங்களுக்குள் ரூட்டுகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) வருகின்றன.

விலான் 20-இன் டிராஃபிக் மட்டும் இரண்டாம் இணைப்பில் போகட்டும் என்று பிபிஆர் (பாலிசி ரவுட்டிங், அதாவது நாம் சொல்லும் விதிப்படி வழி தேர்ந்தெடுப்பது) போட்டேன். ஏசிஎல்-இல் (எந்த டிராஃபிக் என்று குறிக்கும் பட்டியல்) ஒரே வரி: 192.168.20.0/24-இலிருந்து எங்கே போனாலும் பெர்மிட். ரூட்-மேப்பில் (எது மேட்ச் ஆனால் என்ன செய்வது என்று வரிசை எண்களோடு சொல்லும் விதிகள்) அதை மேட்ச் செய்து, செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப் (பாக்கெட்டை அடுத்து வாங்கும் ரவுட்டர்) 198.51.100.1. அதை விலான் 20 இன்டர்ஃபேஸில் கட்டியாயிற்று.

இணையம் எதிர்பார்த்தபடி இரண்டாம் இணைப்பில் போகிறது. ஆனால் 20-இல் இருக்கும் பிசி-யிலிருந்து 10.10.30.15 சர்வரைத் தொடவே முடியவில்லை. அது இதே ரவுட்டரில் நேரடியாக இருக்கும் நெட்வொர்க்! கனெக்டட் ரூட், அட்மின் டிஸ்டன்ஸ் (ரூட் எவ்வளவு நம்பகமானது என்ற எண், குறைந்ததுதான் ஜெயிக்கும்) 0, ஷோ ஐபி ரூட் அடித்தால் ‘சி’ எழுத்தோடு பளிச்சென்று தெரிகிறது. /24 போதவில்லையோ என்று 10.10.30.15/32-க்கு ஒரு ஸ்டாடிக் ரூட்டும் போட்டேன், எந்த மாற்றமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் ரவுட்டரிலிருந்தே, சோர்ஸ் விலான் 20 என்று கொடுத்து பிங் அடித்தால் சர்வர் பதில் சொல்கிறது. பிசி-யிலிருந்து ட்ரேஸ்ரூட் போட்டால் இப்படி:

1 – 192.168.20.1
2 – 198.51.100.1
3 – * * *

கனெக்டட் ரூட்டை விட உயர்ந்த ரூட் ஏது? பிபிஆர்-க்கு அட்மின் டிஸ்டன்ஸ் என்ன, மைனஸா? இன்னொன்று: இரண்டாம் இணைப்பு அறுந்தால் விலான் 20 தானாக முதல் இணைப்புக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நேற்று அறுந்தது, வரவில்லை.

கீழ்அடுக்கு:

பிபிஆர் ஒரு ரூட்டே இல்லை, அதனால் அட்மின் டிஸ்டன்ஸும் இல்லை. ரவுட்டிங் டேபிளுக்குள் நடக்கும் போட்டியில்தான் அட்மின் டிஸ்டன்ஸ், மெட்ரிக், நீளமான பிரிஃபிக்ஸ் (/24-ஐ விட /32 போல இன்னும் குறிப்பான ரூட்) எல்லாம் பேசும். பிபிஆர் அந்தப் போட்டிக்கே வருவதில்லை. பாக்கெட் விலான் 20-க்குள் நுழைந்த உடனேயே, டேபிளைத் திறக்கும் முன்பே, ரூட்-மேப் பார்க்கப்படுகிறது. மேட்ச் ஆகி, நெக்ஸ்ட்-ஹாப்பும் பயன்படுத்தக்கூடியதாக இருந்தால் கதை முடிந்தது, டேபிளில் சேருமிடத்தைத் தேடும் வேலையே நடப்பதில்லை. நீங்கள் /32 போட்டாலும் சரி, சர்வர் பக்கத்து போர்ட்டிலேயே இருந்தாலும் சரி. உங்கள் ட்ரேஸ்ரூட்டின் இரண்டாவது வரி அதைத்தான் சொல்கிறது: 10.10.30.15-க்குப் போக வேண்டிய பாக்கெட்டை நீங்கள் சொன்னபடியே இணைய நிறுவனத்தின் கையில் கொடுத்திருக்கிறது, தனியார் முகவரி என்பதால் அவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ரவுட்டரிலிருந்து அடித்த பிங் போனதற்குக் காரணம், அது எந்த இன்டர்ஃபேஸ் வழியாகவும் உள்ளே நுழையவில்லை. சோர்ஸ் முகவரி என்ன கொடுத்தாலும் அது ரவுட்டரில் பிறந்த பாக்கெட்தான். இன்டர்ஃபேஸில் கட்டிய பாலிசி, ரவுட்டர் வழியாக வந்து போகும் டிராஃபிக்குக்கு மட்டும். ரவுட்டரில் பிறப்பதையும் பிடிக்க வேண்டுமென்றால் ஐபி லோக்கல் பாலிசி ரூட்-மேப் என்று குளோபலாகத் தனியே போட வேண்டும். ஆக, பிபிஆர்-ஐ ரவுட்டரிலிருந்து பிங் அடித்துச் சோதிக்காதீர்கள், அது எப்போதும் நல்ல செய்தியைத்தான் சொல்லும்.

சரி, சரிசெய்வது எளிது. ஏசிஎல்-இல் பெர்மிட் வரிக்கு மேலே, 192.168.20.0/24-இலிருந்து 10.0.0.0/8-க்கு ஒரு டினை, 192.168.0.0/16-க்கு ஒரு டினை. இங்கே டினை என்றால் பாக்கெட்டைத் தடுப்பது அல்ல, ‘இந்த வரிசை எண்ணில் மேட்ச் ஆகவில்லை’ என்று மட்டும்தான் பொருள். அடுத்த வரிசை எண் இருந்தால் அங்கே போகும், எதிலும் மேட்ச் ஆகாவிட்டால் வழக்கமான ரவுட்டிங். ரூட்-மேப்பிலேயே டினை என்று ஒரு வரிசை எண் வைப்பது வேறு: அதில் மேட்ச் ஆன பாக்கெட் கீழே இருக்கும் வரிசைகளைப் பார்க்காமல் நேரே வழக்கமான ரவுட்டிங்குக்குப் போய்விடும். ஒரே பாலிசியில் நாலைந்து பிரிவுகள் இருந்தால் நான் இதைத்தான் விரும்புவேன், உள் நெட்வொர்க்குகளுக்கு வரிசை எண் 5-இல் ஒரு டினை போட்டுவிட்டால் கீழே இருக்கும் ஒவ்வொரு ஏசிஎல்-இலும் அதையே திரும்ப எழுத வேண்டியதில்லை. உண்மையிலேயே பாக்கெட்டைக் கொல்ல வேண்டுமென்றால் செட் இன்டர்ஃபேஸ் நல்0 (வரும் பாக்கெட்டையெல்லாம் விழுங்கிவிடும் போலி இன்டர்ஃபேஸ்).

அப்புறம் டேபிளில் 10.0.0.0/8-க்கு நல்0 பார்த்து, அட்மின் டிஸ்டன்ஸ் 254-இல் ஒரு ஸ்டாடிக் ரூட்டும் போட்டு வையுங்கள். டனல் விழுந்து ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகள் மறைந்தால், டினை ஆகி வழக்கமான ரவுட்டிங்குக்கு வரும் பாக்கெட்டுகள் டிஃபால்ட் ரூட்டைப் பிடித்து முதல் இணைப்பில் வெளியே ஓடும். நல்0 இருந்தால் இங்கேயே நின்றுவிடும். கனெக்டட்டாக இருக்கும் 10.10.30.0/24 அதைவிட நீளமான பிரிஃபிக்ஸ் என்பதால் அதற்கு ஒரு பாதிப்பும் இல்லை.

இணைப்பு அறுந்தது பற்றி: மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் கேபிள் நன்றாக இருந்து, அதற்கு அப்பால் அறுந்ததா? எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

டிஃபால்ட்_ஹாப்:

இவ்வளவு டினை எதற்கு? செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப் என்பதை செட் ஐபி டிஃபால்ட் நெக்ஸ்ட்-ஹாப் என்று மாற்றினால் ஒரே சொல்லில் முடிந்தது. அது முதலில் டேபிளைப் பார்க்கும், சேருமிடத்துக்கென்று தனியாக ரூட் இருந்தால் அதிலேயே அனுப்பும், இல்லாவிட்டால்தான் நீங்கள் சொன்ன நெக்ஸ்ட்-ஹாப். டேபிளில் இருக்கும் டிஃபால்ட் ரூட்டை அது தனி ரூட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இணையம் இரண்டாம் இணைப்பிலேயே போகும். நாளைக்குப் புதிதாக ஒரு உள் நெட்வொர்க் ஓஎஸ்பிஎஃப்-இல் வந்தாலும் ஏசிஎல்-ஐத் தொட வேண்டியதில்லை.

கீழ்அடுக்கு:

அவருடைய அமைப்புக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் அதில் முடிவு எடுப்பது மறுபடியும் டேபிள். முதல் இணைப்பில் பிஜிபி (இணைய நிறுவனத்தோடு ரூட்டுகளைப் பரிமாறும் நெறிமுறை) வைத்து வெளி ரூட்டுகளை வாங்க ஆரம்பித்த அன்று, ஒவ்வொரு வெளி முகவரிக்கும் ‘தனி ரூட்’ இருக்கும், பாலிசி சத்தமில்லாமல் செத்துப் போகும். கான்ஃபிகில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. முழு டேபிள் கூட வேண்டாம், யாரோ ஒருவர் ஒரு வெளி சேவைக்கு ஸ்டாடிக் ரூட் போட்டால் போதும், விலான் 20-உம் அதன் பின்னால் போய்விடும். இன்னொரு பக்கம், டனல் விழுந்து ஒரு 10.50 நெட்வொர்க்கின் ரூட் மறைந்தால் அதே நொடியில் அந்தப் பாக்கெட்டுகள் இரண்டாம் இணைப்பில் வெளியேறும். தவிர இந்த டிஃபால்ட் வகையை எல்லா லேயர் 3 சுவிட்சுகளும் ஹார்டுவேரில் செய்வதில்லை, மாடலுக்கான ஆவணத்தைப் பார்க்காமல் போடக்கூடாது. எந்த டிராஃபிக் எங்கே போகும் என்று ஏசிஎல்-ஐப் படித்தே சொல்ல முடிவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே வரிசை எண்ணில் வைத்தால் சாதாரண நெக்ஸ்ட்-ஹாப்தான் முதலில் பார்க்கப்படும், அதற்குப் பின் செட் இன்டர்ஃபேஸ், டிஃபால்ட் வகைகள் அதற்கும் பின்னால்.

விலான்_20:

ஆமாம், மோடத்துக்கு அப்பால்தான் அறுந்தது. ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் அப் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கீழ்அடுக்கு:

அப்படியானால் ரவுட்டருக்கு இணைப்பு போனதே தெரியாது. இன்டர்ஃபேஸ் டவுன் ஆகியிருந்தால் 198.51.100.1-ஐ அடைய வழியில்லை என்று புரிந்துகொண்டு பாலிசியை ஒதுக்கிவிட்டு டேபிளுக்கு வந்திருக்கும். இன்டர்ஃபேஸ் அப்-ஆக இருக்கும்வரை சொன்னதைச் செய்துகொண்டே இருக்கும், பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்பது அதன் கவலை இல்லை.

இதற்குத்தான் செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப் வெரிஃபை-அவைலபிலிட்டி 198.51.100.1 10 ட்ராக் 1 என்ற வடிவம். ட்ராக் 1 ஒரு ஐபி எஸ்எல்ஏ (ரவுட்டரே விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கும் சோதனை) பிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், பிங் நின்றால் ட்ராக் டவுன், பாலிசி விலகி டேபிளில் இருக்கும் டிஃபால்ட் ரூட் எடுத்துக்கொள்ளும். ட்ராக் கொடுக்காமல் வெரிஃபை-அவைலபிலிட்டி மட்டும் போட்டால் அது சிடிபி (பக்கத்துப் பெட்டியைக் கண்டறியும் சிஸ்கோ நெறிமுறை) வழியாக எதிர்ப்பக்கத்தைத் தேடும், எதிரில் இருப்பது சிடிபி பேசும் பெட்டியாக இல்லாவிட்டால் பயனில்லை.

ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குவது. அந்த எஸ்எல்ஏ பிங் ரவுட்டரில் பிறக்கும் பாக்கெட். மேலே சொன்ன அதே விஷயம்: இன்டர்ஃபேஸ் பாலிசி அதைத் தொடாது, அது டேபிளைப் பார்த்து டிஃபால்ட் ரூட்டில், அதாவது முதல் இணைப்பில் போகும். இரண்டாம் இணைப்பு செத்துக் கிடக்கும்போதும் முதல் இணைப்பு வழியாகப் பதில் வாங்கிக்கொண்டு ‘எல்லாம் நலம்’ என்று சொல்லும். அதனால் எந்த முகவரிக்கு பிங் அடிக்கிறீர்களோ அதற்கு 198.51.100.1 வழியாக ஒரு /32 ஸ்டாடிக் ரூட் கட்டாயம் வேண்டும். கேட்வேயையே பிங் அடித்தால் இந்த ரூட் தேவையில்லை, ஆனால் அவர்களுடைய கேட்வே உயிரோடு இருந்து அதற்கு அப்பால் செத்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. வெளியே ஒரு முகவரியை எடுங்கள், அதுவும் உங்கள் ஆட்கள் வேறு வேலைக்குப் பயன்படுத்தாத முகவரியாகப் பாருங்கள், ஏனென்றால் அந்த /32 ரூட் ஊழியர் விலானுக்கும் சேர்த்துத்தான். பொது டிஎன்எஸ் முகவரியை இதற்கு வைத்துவிட்டு, இரண்டாம் இணைப்பு விழும்போதெல்லாம் எல்லா விலானிலும் டிஎன்எஸ் போகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு.

அதே /32-க்கு நல்0 பார்த்து அட்மின் டிஸ்டன்ஸ் 250-இல் இன்னொன்றும் போடுங்கள். இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸே டவுன் ஆகும்போது முதல் /32 மறைந்து, பிங் டிஃபால்ட் ரூட்டில் போய் மறுபடியும் பொய் சொல்லும்.

முதல் இணைப்புக்கு மாறிய பிறகும் இணையம் வராவிட்டால் நேட்-ஐப் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் விதி) பாருங்கள். விலான் 20-க்கான நேட் விதி இரண்டாம் இணைப்பின் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் எழுதியிருந்தால் பாக்கெட் சரியான வழியில் தவறான முகவரியோடு வெளியே போகும். நேட்-க்கும் ரூட்-மேப் வைத்து, மேட்ச் இன்டர்ஃபேஸ் போட்டு இரண்டு இணைப்புக்கும் ஒவ்வொரு விதி எழுதுவதுதான் வழக்கம். ஏற்கெனவே திறந்திருந்த கனெக்ஷன்கள் எப்படியும் அறுந்து புதிதாகத்தான் தொடங்கும்.

மெயின்_32766:

லினக்ஸ் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் யாராவது இந்தத் திரியைப் படித்து அப்படியே செய்யப் போகிறார்கள், அதனால் ஒரு குறிப்பு. லினக்ஸில் வரிசை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. ஐபி ரூல் ஷோ அடித்தால்:

0: ஃப்ரம் ஆல் லுக்அப் லோக்கல்
100: ஃப்ரம் 192.168.20.0/24 லுக்அப் 200
32766: ஃப்ரம் ஆல் லுக்அப் மெயின்
32767: ஃப்ரம் ஆல் லுக்அப் டிஃபால்ட்

நடுவில் இருக்கும் 100 மட்டும் நாம் சேர்த்தது, மற்ற மூன்றும் கெர்னல் தானே வைப்பவை. மேலிருந்து கீழே ஒவ்வொரு ரூலாகப் பார்க்கும், பொருந்தும் ரூல் சொல்லும் டேபிளில் ரூட் கிடைத்தால் அங்கேயே நிற்கும், கிடைக்காவிட்டால் அடுத்த ரூலுக்குப் போகும். ஐஓஎஸ்-க்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: இங்கே பாலிசி நெக்ஸ்ட்-ஹாப்பைச் சொல்வதில்லை, எந்த டேபிளில் தேடு என்று மட்டும் சொல்கிறது. டேபிள் 200-க்குள்ளே நீளமான பிரிஃபிக்ஸ் வழக்கம்போல் ஜெயிக்கும்.

டேபிள் 200-இல் டிஃபால்ட் ரூட் மட்டும் வைத்தால் கேட்டவருக்கு வந்த அதே நோய் வரும், டிஃபால்ட் ரூட் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் 32766-க்குத் தேடல் போகவே போகாது. கனெக்டட் ரூட்டுகள் மெயினில்தான் இருக்கும், தானாக 200-க்கு வராது. கையால் நகலெடுத்து வைக்கலாம், ஆனால் நாளைக்கு மெயினில் மாறினால் இங்கே மாறாது. 10.0.0.0/8-க்கு டேபிள் 200-இல் ஒரு த்ரோ ரூட் போடலாம், ‘இந்த டேபிளை விட்டுவிட்டு அடுத்த ரூலைப் பார்’ என்பதுதான் அதற்குப் பொருள், மேலே சொன்ன டினை-க்கு இணையானது. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: 90-ஆம் எண்ணில் ‘லுக்அப் மெயின் சப்ரஸ்_பிரிஃபிக்ஸ்லெங்த் 0’ என்று ஒரு ரூல். மெயினைப் பார், ஆனால் கிடைத்தது டிஃபால்ட் ரூட் என்றால் அதை எண்ணாதே. தனி ரூட் இருப்பதெல்லாம் மெயினில், மிச்சமெல்லாம் 200-இல். வயர்கார்டின் டபிள்யூஜி-குவிக் எல்லா டிராஃபிக்கையும் டனலுக்குள் தள்ளும்போது செய்வதும் இதே உத்தி. டிஃபால்ட்_ஹாப் சொன்ன வழியின் லினக்ஸ் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம், கீழ்அடுக்கு சொன்ன எச்சரிக்கைகளும் அப்படியே பொருந்தும்.

இன்டர்ஃபேஸ் டவுன் ஆனால் 200-இல் இருக்கும் ரூட் அழிந்து டேபிள் காலியாகும், தேடல் மெயினுக்கு வழுக்கி முதல் இணைப்பில் போகும். அது வேண்டும் என்றால் நல்லது. அந்த டிராஃபிக் வேறு எங்கும் போகவே கூடாது என்றால் 200-இல் பெரிய மெட்ரிக்கோடு ஒரு பிளாக்ஹோல் டிஃபால்ட் வையுங்கள்.

மார்க் (பாக்கெட்டுக்குக் கெர்னலில் ஒட்டும் அடையாள எண்) வைத்துப் பிரிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை ஆர்பி_ஃபில்டர், பாக்கெட் சரியான வழியில்தான் வந்ததா என்று பார்க்கும் சோதனை. திரும்பி வரும் பாக்கெட்டில் அந்த மார்க் இருக்காது, கெர்னல் ‘இந்த முகவரிக்கு நான் போக வேண்டுமென்றால் முதல் இணைப்பில்தானே போவேன், இது ஏன் இரண்டாவதில் வருகிறது’ என்று கேட்டு, ஸ்ட்ரிக்ட் முறையில் தூக்கி எறிந்துவிடும். டிசிபிடம்ப்பில் பாக்கெட் வருவது தெரியும், பிசி-க்குப் போய்ச் சேராது, லாகிலும் பொதுவாக ஒன்றும் இருக்காது. அந்த இன்டர்ஃபேஸுக்கு 2 (தளர்ந்த முறை; 1 ஸ்ட்ரிக்ட், 0 சோதனையே இல்லை) என்று வையுங்கள். ‘ஆல்’ மதிப்பு, இன்டர்ஃபேஸ் மதிப்பு இரண்டில் பெரியதுதான் எடுக்கப்படும் என்பதால் 2 போட்டால் போதும், 0 போட்டால் ‘ஆல்’-இல் இருக்கும் 1 ஜெயித்துவிடும்.

சோதிக்க: ஐபி ரூட் கெட் 10.10.30.15 ஃப்ரம் 192.168.20.5 ஐஐஎஃப், அதன்பின் உள்பக்க இன்டர்ஃபேஸ் பெயர். ஐஐஎஃப் கொடுத்தால்தான் வெளியிலிருந்து வந்த பாக்கெட்டாகப் பாவித்துப் பதில் சொல்லும்.

மேங்கிள்காரன்:

மைக்ரோடிக்கில் இதே வேலையை மேங்கிள்-இல் (பாக்கெட்டுகளுக்கு மார்க் வைக்கும் விதிகள்) மார்க்-ரவுட்டிங் வைத்துச் செய்பவர்கள் ஃபாஸ்ட்ட்ராக்கைப் (பழகிய கனெக்ஷன்களை வேகமாக அனுப்பும் குறுக்குவழி) பாருங்கள். ஃபாஸ்ட்ட்ராக் ஆன கனெக்ஷனின் பாக்கெட்டுகள் மேங்கிள் பக்கமே போகாது, மார்க் கிடைக்காமல் மெயின் டேபிளில் ஓடும். முதல் சில பாக்கெட்டுகள் ஒரு வழி, பிறகு வேறு வழி என்று பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஃபாஸ்ட்ட்ராக் விதியில் கனெக்ஷன்-மார்க் இல்லாதவற்றுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு, பாலிசிக்கு உரிய கனெக்ஷன்களுக்கு மார்க் வைத்தால் தீரும். பதிப்பு 7-இல் டேபிளை ஃபிப் என்று குறிப்பிட்டு முதலில் உருவாக்க வேண்டும், 6-இல் அது தேவைப்படவில்லை. ரவுட்டிங் ரூலில் லுக்அப் என்றால் கிடைக்காதபோது மெயினுக்கு வரும், லுக்அப்-ஒன்லி-இன்-டேபிள் என்றால் வராது.

விலான்_20:

எல்லோருக்கும் நன்றி. வரிசை எண் 5-இல் டினை போட்டதும் சர்வர் உடனே வந்துவிட்டது, ட்ரேஸ்ரூட்டில் இரண்டாவது வரியே 10.10.30.15. எஸ்எல்ஏ, /32, நல்0 எல்லாம் போட்டு மோடத்தின் வெளிப்பக்க கேபிளை உருவிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் விலான் 20 முதல் இணைப்புக்கு வந்தது. நேட்-இல் நீங்கள் சொன்ன ஓட்டையும் இருந்தது, அடைத்தாயிற்று.

ஒன்று மட்டும் பாக்கி. விலான் 20-இல் 192.168.20.40 என்று ஒரு பெட்டி, முதல் இணைப்பின் பொது முகவரியிலிருந்து 443 போர்ட்டை அதற்கு ஸ்டாடிக் நேட் செய்திருக்கிறேன். வெளியிலிருந்து அதைத் திறக்க முடியவில்லை. பாலிசியை எடுத்தால் திறக்கிறது.

கீழ்அடுக்கு:

கேள்வி முதல் இணைப்பில் வருகிறது, பதில் விலான் 20-க்குள் நுழையும்போது பாலிசி அதைப் பிடித்து இரண்டாம் இணைப்பில் தள்ளுகிறது. இது ஒரு பழைய கனெக்ஷனுக்கான பதில் என்பதெல்லாம் ஐஓஎஸ் பிபிஆர்-க்குத் தெரியாது, ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகத்தான் பார்க்கும். உள்ளிருந்து வெளியே போகும்போது பாலிசி முதலில், நேட் பிறகு. அதனால் ஏசிஎல்-இல் உள் முகவரியைத்தான் எழுத வேண்டும்: டிசிபி, சோர்ஸ் 192.168.20.40, சோர்ஸ் போர்ட் 443, எங்கே போனாலும். இதை வரிசை எண் 5-இன் ஏசிஎல்-இல் பெர்மிட்டாகச் சேருங்கள், ரூட்-மேப் டினை என்பதால் வழக்கமான ரவுட்டிங்குக்குப் போகும். போர்ட் 443 சோர்ஸ் பக்கத்தில் வர வேண்டும், சேருமிடப் பக்கத்தில் எழுதினால் அந்தப் பெட்டி வெளியே திறக்கும் தளங்கள் எல்லாம் முதல் இணைப்புக்கு மாறும், பதில் மட்டும் இன்னும் தவறான வழியில் போகும்.

மாற்றிய பிறகு ஷோ ரூட்-மேப் அடித்து வரிசை 5-இன் எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறாவிட்டால் டிபக் ஐபி பாலிசி, ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில்.

மெயின்_32766:

லினக்ஸில் இதற்கு கனெக்ஷன் மார்க். முதல் இணைப்பில் உள்ளே வரும் புதிய கனெக்ஷனுக்கு ஒரு மார்க் வைத்து, பதில் பாக்கெட் ப்ரீரவுட்டிங்கில் வரும்போது அதை பாக்கெட்டுக்குத் திருப்பி எடுத்து, அந்த மார்க் இருந்தால் மெயின் என்று 80-ஆம் எண்ணில் ஒரு ரூல். எந்த போர்ட், எந்தப் பெட்டி என்று பட்டியல் போட வேண்டியதில்லை. பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் பிபிஎஃப் (அவர்களுடைய பிபிஆர்) விதிக்குள்ளேயே சிமெட்ரிக் ரிட்டர்ன் (கேள்வி வந்த வழியிலேயே பதில்) என்று ஒரு டிக் இருக்கிறது.